உறுமுகிற நாயை அடிக்கலாமா?

மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பக்கம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், களத்துக்குப் புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அறுவடை இயந்திரத்தோடு வெளியூர் டிரைவர், வைக்கோல் கட்டுகிறவர், நெல் வியாபாரி, மூட்டை தூக்குகிறவர்கள். மோட்டார் கொட்டகையில் கட்டிக் கிடக்கும் காவல் நாய்க்கு அத்தனை பேரும் அந்நியர்தான். 'கட்டித்தானே இருக்கு, ஒண்ணும் பண்ணாது' என்பார் நிலத்துக்காரர். அதை நம்பிக் கிட்டே போகிறவருக்குத்தான் கடி விழுகிறது. கட்டிய நாய்க்கு விலகிப் போக வழியில்லை.

கடிப்பதற்கு முன் நாய் பல விதமாகச் சொல்லிப் பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தீனி எதுவும் இல்லாமலே மூக்கை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். காதைப் பின்னால் மடக்கும். கண்ணோரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். அதற்கும் ஆள் நகரவில்லை என்றால் உடம்பு விறைக்கும், வாய் இறுக மூடும், பிறகு உறுமும். வால் ஆடுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். உடம்பெல்லாம் குழைய ஆடும் வால் வேறு, உடம்பு விறைத்து நிற்க நுனி மட்டும் வெடவெடக்கும் வால் வேறு.

உறுமினால் நம் ஆட்கள் உடனே கம்பை எடுக்கிறார்கள். வேண்டாத வேலை. அடி வாங்கிய நாய்க்குப் பயம் குறையாது, உறுமுவதை மட்டும் விட்டுவிடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். ராஜபாளையம், கோம்பை போன்ற நாட்டு இனங்கள் அந்நியரை அண்டவிடாதவை. காவலுக்கென்று அவற்றை வளர்த்ததே அதற்காகத்தானே!

ஸ்வீடனில் 2012 வாக்கில், இப்படிப்பட்ட நாய்களின் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டும் பழக்கம் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் பரவியது. 'தள்ளி நில்லுங்கள்' என்று பொருள். நம் ஊரில் கட்டினால் ஏதோ வேண்டுதல் என்று கிட்டே வந்து விசாரிப்பார்கள். கருங்குழி விவசாயி ஒருவர் செய்தது நமக்குச் சரிப்படும். நாயை வழியை விட்டுத் தள்ளி, கொட்டகைக்குப் பின்னால் நிழலில் கட்டினார். படலில் பழைய சைக்கிள் மணி ஒன்றை மாட்டினார். வருகிறவர் மணியடித்து வெளியே நிற்க வேண்டும். நாய் நாலு குரை குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

அவிழ்ந்த நாய் எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது. கண்ணை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி மெல்லப் பின்வாங்கலாம். சாப்பிடும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம்.

அப்படியும் பல் பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.