ஒரு ரூபாயின் தரம்

எம் உம்மா வபாத்தானபின் அவர்களின் பெட்டகத்தைத் திறந்தோம். வெள்ளைத் துணியில் முடிந்த வெள்ளி நாணயம் ஒன்று கிடைத்தது. 1835ஆம் ஆண்டுக் கும்பினி ரூபாய் அது. ஒருபுறம் நான்காம் வில்லியம் மன்னரின் தலை. மறுபுறம் இலைவளையத்துள் ஆங்கிலத்திலும் பார்சியிலும் அதன் மதிப்பு. தேய்ந்திருந்த எழுத்துகளிடையே ‘யக் ரூபியா’ என்பதை எம் கண்கள் உடனே படித்துக்கொண்டன. கும்பினியார் தம் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே நாணயம் வகுத்த ஆண்டு அது. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி.

“காக்கா, இதை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்குவோம். சான்று இருந்தால் விலையே வேறு” என்றார் எம் இளவல்.

தரச்சான்றின் வரலாற்றைக் கேட்டறிந்தோம். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1 முதல் 70 வரை அளவுகோல் ஒன்றை வகுத்தார். 1980களின் பிற்பாதியில் தோன்றிய நிறுவனங்கள் அதனைக் கொண்டு நாணயங்களுக்கு எண்ணிட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருகின்றன. கைபடாத நாணயத்துக்கே 60உம் அதற்கு மேலும்.

சென்னையில் பழங்காசு வணிகர் ஒருவரிடம் காட்டினோம். உருப்பெருக்கியில் சற்றுநேரம் பார்த்தார். “ஹஜ்ரத், இது ஏராளமாக அச்சிட்ட காசு. கட்டணமும் அஞ்சலும் காப்பீடுமே இதன் விலையை விழுங்கிவிடும். அன்றியும் இதை யாரோ துலக்கியிருக்கிறார்கள். துலக்கிய காசுக்கு எண் தரமாட்டார்கள்; ‘துலக்கப்பட்டது’ என்று குறித்துத் திருப்புவார்கள்” என்றார்.

துலக்கியது யார் என்பதை எம் தங்கையார் சொன்னார். பெருநாள்தோறும் உம்மா அதனைப் புளியிட்டுத் துலக்கி, குழந்தைகளின் உள்ளங்கையில் சிறிதுநேரம் வைத்து, மீண்டும் முடிந்து வைப்பார்களாம். அது எம் உம்மம்மாவின் மஹரில் வந்த காசாம்.

“துலக்கியதைச் சொல்லாமல் விற்றால் யாருக்குத் தெரியும்?” என்று இளவல் கேட்டார். “நமக்குத் தெரியுமே, தம்பி. குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் ஏது?” என்றோம். அவர் தலைகுனிந்தார்.

நாம் மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதிய நாள்களை எண்ணினோம். அங்கும் தரமிடல் உண்டு: ஸஹீஹ், ஹஸன், ளயீஃப். ஆனால், யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் இஸ்னாதை ஆராயாமல் அங்கே தரம் சொல்வதில்லை. நாணயத்துக்கு எண்ணிடுவோர் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள். அது அவர்கள் தொழில்; பிழையன்று. ஆயினும் எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்பதை முகம் சொல்லாது.

இனிப் பங்கீடு. ஆண்மக்கள் இருவர், பெண் ஒருத்தி. ஐந்து பங்கில் எமக்கிரண்டு, இளவலுக்கிரண்டு, தங்கைக்கு ஒன்று. வணிகர் சொன்ன விலைப்படி இளவலின் பங்கை நாம் பணமாகக் கொடுத்தோம். எம் பங்கையும் அதனையும் தங்கைக்கு ஹிபாவாக்கினோம். காசு முழுவதும் அவருடையதாயிற்று.

பின்னர் ஒரு தாளில் எழுதினோம்: உம்மம்மாவின் மஹர், அவர்களிடமிருந்து உம்மா, உம்மாவிடமிருந்து இன்ன மகள், பெருநாள்தோறும் புளியிட்டுத் துலக்கியது. குறையையும் சேர்த்தே எழுதினோம். தாளை அதே வெள்ளைத் துணியில் காசோடு முடிந்து தங்கையிடம் கொடுத்தோம்.

“அடுத்த பெருநாளுக்கும் துலக்கலாமா, காக்கா?” என்று கேட்டார்.

“வேண்டாம், குழந்தைகளின் கையில் மட்டும் வையும்” என்றோம்.