லயத்து வாசலில் மின்னூல்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு விழுங்கியது. உயிர்கள் மாண்ட இடத்தில் ஏடுகளை எண்ணுதல் தகுமோ எனலாம். எனினும், பதுளை மலைச்சரிவில் நூலொன்றைக் காப்பது மழையோடும் கறையானோடும் நடத்தும் ஓயாத வழக்கே.

2005 இல் தோன்றிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் மலையக ஏடுகள் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கையடக்க மின்வாசிப்பானில் நூற்றுக்கணக்கான நூல்கள் அடங்கும். ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கும். ஆயின் பழைய ஏடுகள் பெரும்பாலும் பக்கப் படங்களே. சிறு திரையில் எழுத்தைப் பெருக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும்! நாட்சம்பளக் குடும்பம் அக்கருவியை வாங்குவதுதான் எங்ஙனம்? அச்சு நூலோ லயம் முழுதும் கைமாறும்.

கருவி தோட்டப் பாடசாலையின் பொதுவுடைமையாயின் நிலைமை வேறு. அங்கும் அலுமாரிச் சாவி யாரிடம் என்பதே முதல் வினா.