கருகல் வாசனை

கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர், ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கேம்பர் வேன் வாங்கினார். உள்ளேயே படுக்கை, அடுப்பு. கியர் தானாக மாறும்.

ஊர் சுற்றக் கிளம்பினோம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே, 4,100 அடி உயர டெஹோன் கணவாய் ஏற்றத்தில் இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை.

“ஒரு வாரமா கருகுற வாசனை வருதுன்னு சொன்னேனே!” என்றார் அவர் மனைவி.

“நீ சுட்ட தோசைன்னு நெனச்சேன்” என்றார் நண்பர்.

மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவினார். சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில், டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. உள்ளே கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதும் சூட்டைத் தணிப்பதும் அந்த ஆயில்தான். பாரத்தோடு ஏற்றம் ஏறினால் அது காயும். கருகினால் பிடி வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடு. முதல் வாசனையிலேயே பார்த்திருந்தால் தப்பியிருக்கலாம்.

செலவு, வேன் விலையில் பாதி!

இப்போதெல்லாம் வண்டியைக் கிளப்பும் முன் டிப்ஸ்டிக்கைப் பார்க்கிறார். அப்புறம், மனைவியையும் கேட்கிறார்.