கதை எழுதச் சொல்லித் தரும் ஊர்

கதை எழுதுவதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியுமா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு பெரிய பட்டிமன்றமே நடந்திருக்கிறது. ஏனென்றால் என் அண்ணன் மகளுக்கு அதுதான் உத்தியோகம். அமெரிக்காவில், மாஸசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஒரு சின்னக் கல்லூரியில். (கல்லூரியின் பெயரை எழுதக் கூடாது என்பது அவள் கட்டளை!) போன அக்டோபரில் ஆறு வாரம் அவளோடு இருந்துவிட்டு வந்தேன்.

பாஸ்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். கனெக்டிகட் ஆற்றின் இரு பக்கமுமாக ஆம்ஹர்ஸ்ட், நார்த்தாம்ப்டன், சௌத் ஹாட்லி என்று சிற்றூர்கள். ஒரு பெரிய பல்கலைக்கழகம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கல்லூரிகள். ஒன்றில் சேர்ந்த பிள்ளை பஸ் ஏறி இன்னொன்றில் போய்ப் பாடம் கேட்கலாம். மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நிற்கிற மாதம் அது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கனத்த சாக்ஸ் இல்லாமல் வாசலுக்கு வர முடியாது.

'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரி என்றால், உயிரியல் படிக்கிற பெண்ணும் கதை வகுப்பில் சேரலாம். "அத்தை, நீங்களும் ஒரு நாள் வந்து உட்காருங்களேன்" என்றாள். போனேன்.

பெரிய மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். ஒருத்தி எழுதிய கதையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல, எழுதியவள் மட்டும் கடைசி வரை வாய் திறக்கக் கூடாதாம். 1936இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பட்டறையிலிருந்து நாடெங்கும் பரவிய முறை இது. எனக்கென்னவோ பெண் பார்க்கிற சடங்குதான் ஞாபகம் வந்தது. பெண் தலை குனிந்திருக்க, மற்றவர்கள் மூக்கையும் முழியையும் பற்றிப் பேசுவார்களே, அதே மாதிரி!

அன்றைய கதையில் ஒரு தாய், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தன் அம்மாவைப் பார்க்கப் போகாமல் வீட்டில் திரைச்சீலைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். "இப்படி ஒரு மகள் இருப்பாளா? நம்ப முடியவில்லை" என்றான் ஒரு பையன். எழுதிய பெண்ணின் காது சிவந்துவிட்டது. முடிவில் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "அது என் அம்மா. அப்படித்தான் நடந்தது."

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அண்ணன் மகள் அவசரப்படவில்லை. "நடந்திருக்கிறது, சரி. துவைக்கும்போது அந்தக் கைகளைப் பார்த்தாயா? அதை எழுதிக்கொண்டு வா" என்றாள்.

ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது நான் விடவில்லை. "வாயைக் கட்டிப் போடுவது என்ன நியாயம்?" என்று கேட்டேன். "பேச விட்டால் கதையை விட்டுவிட்டு வக்காலத்து வாங்க ஆரம்பிச்சுடுவாங்க அத்தை. ஆனா அந்த விதியைத் தளர்த்தற வாத்தியார்களும் இப்போ இருக்காங்க" என்று யோசித்தாள். மறுவாரம், எழுதியவரே முதலில் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று மாற்றினாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்!

சௌத் ஹாட்லியில் உள்ள மவுன்ட் ஹோல்யோக் பெண்கள் கல்லூரியை 1837இல் மேரி லயன் என்ற அம்மாள் தொடங்கினார். சம்பளம் குறைவாக இருக்க வேண்டுமென்று, வீட்டு வேலைகளை மாணவிகளே பங்கு போட்டுச் செய்தார்களாம். 1847இல் அங்கே படிக்க வந்த எமிலி டிக்கின்சனுக்குக் கிடைத்த வேலை, சாப்பாட்டு மேஜைக் கத்திகளைக் கழுவித் துடைப்பது. பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய கவிஞர்களில் ஒருவர் ஆனவர்!

ஆம்ஹர்ஸ்டில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். மாடி அறையில் அவருடைய மேஜையைப் போலச் செய்த ஒன்று இருக்கிறது. நம் வீட்டு மணைப்பலகையைவிடச் சற்றே பெரிது. அசல் மேஜை ஹார்வர்டில். சுமார் 1,800 கவிதைகள் எழுதினார். 1886இல் இறக்கும்வரை அச்சில் வந்தவை பத்துதான் என்கிறார்கள், அதுவும் பெயர் போடாமல். ரொட்டி சுடுவதிலும் கெட்டிக்காரி. 1856இல் உள்ளூர்க் கண்காட்சியில் அவருடைய ரொட்டிக்கு இரண்டாம் பரிசு. தேங்காய்க் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்பக்கம் ஒரு கவிதை இருக்கிறதாம்! மளிகைச் சீட்டின் பின்னால் கோலம் போட்டுப் பார்க்கிற நமக்கு இது புரியாதா?

நார்த்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரி. சில்வியா பிளாத் அங்கேயே படித்து, 1957இல் அங்கேயே ஆசிரியையாக வந்தார். வகுப்பும் திருத்தும் வேலையும் தன் எழுத்தைச் சாப்பிடுகின்றன என்று ஒரே வருஷத்தில் விட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது அண்ணன் மகளின் குரல் இறங்கிவிட்டது.

காரணம் இருக்கிறது. அவளுடைய வேலை மூன்று வருஷ ஒப்பந்தம்; வருகிற மே மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதற்கு, "உங்கள் புத்தகம் எங்கே?" என்று கேட்கிறார்களாம். நாலு வயசுக் குழந்தை, மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, மேஜை நிறையப் பிள்ளைகளின் கதைக் கட்டு. அவளுடைய நாவல் 112ஆம் பக்கத்திலேயே ஒரு வருஷமாக நிற்கிறது. ஊரார் கதையை எல்லாம் ஊட்டி வளர்க்கிறவள் தன் கதையைப் பட்டினி போடுகிறாள்.

"நாளையிலிருந்து காலை அஞ்சு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் உன் ரூம் கதவைச் சாத்திக்கோ. குழந்தையும் அடுப்பும் என் பொறுப்பு" என்றேன். குழந்தை முதல் இரண்டு நாள் கதவைத் தட்டி அழுதது. மூன்றாம் நாளிலிருந்து இட்லி மாவில் பொம்மை வார்த்துக் காட்டினேன், சமாதானமாகிவிட்டது.

நான் விமானம் ஏறிய அன்று நாவல் 131ஆம் பக்கம். இப்போது அவள் அம்மா, என் அண்ணி, அங்கே போயிருக்கிறாள். கல்லூரியிலிருந்து கடிதம் இன்னும் வரவில்லை.