மீட்டர் தின்ற சத்தம்

திருத்தங்கல் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றும் வேலையைப் பார்க்கும்போது எனக்கு முதலில் படுவது, வெடியின் சத்தத்தை மருந்து மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதுதான். கலவை ஒன்றேயானாலும், சுற்று தளர்ந்தால் கூடு குறைந்த அழுத்தத்திலேயே பிளந்து சத்தம் அமுங்கிவிடும். இறுகினால் காதை அடைக்கும். ஆளுக்கு ஆள் மாறும் இந்தக் கைவாகை எடைபோட சோதனைத் திடலில் இருப்பது ஒரு மீட்டர். அது காட்டுவதோ ஒரே எண். அந்த எண் போதாது. மைக்கில் வரும் மின்னழுத்தத்தை எண்களாக்கும் டிஜிட்டல் மாற்றியின் மூலத் தரவையும் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

1999 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் (ஏ.ஐ.) அல்லது 145 டெசிபல் (சி உச்சம்) என வரம்பு கட்டியது. இரண்டுக்கும் நடுவே 20 டெசிபல். முதல் அளவான ஏ.ஐ.யில் (ஏ எடையிட்ட இம்பல்ஸ் அளவு) மீட்டர் 35 மில்லிநொடி காலமாறிலியோடு சராசரி எடுக்கிறது. ஒரு மில்லிநொடியில் முடிந்துவிடும் வெடியின் ஆற்றல் அதில் 35-ல் ஒரு பங்காகக் கரைகிறது. கணக்குப்படி 15 டெசிபல் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், மீட்டர் தவறேதும் செய்யவில்லை. சராசரி எடு என்றோம், எடுத்தது.

வானொலி வானியலில் இதே சிக்கலை வெகுகாலமாக எதிர்கொள்கிறார்கள். புனேக்கு அருகே நாராயண்காவ் பக்கத்தில் 30 ஆன்டெனாக்களோடு இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கிக்கு உயர் அழுத்த மின்கம்பிகளின் பொறி பெருந்தொல்லை. மின்னி மறையும் அந்த இரைச்சல், சராசரிக்குப் பிறகு விண்மீன் சமிக்ஞையோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே மேம்படுத்தப்பட்ட கருவியில், மாற்றியிலிருந்து வரும் மாதிரிகளை அப்படியே எடுத்து, அவற்றின் இடைநிலை மதிப்பிலிருந்து வெகுதூரம் விலகியதைச் சராசரிக்கு முன்பே வடிகட்டுகிறார்கள். அவர்களுக்குக் களை, நமக்கு அதுதான் பயிர். இரண்டுக்கும் கை வைக்கும் இடம் ஒன்றே.

சி உச்ச அளவு இருக்கும்போது மூலத் தரவு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மைக்கோ மாற்றியோ தாங்காமல் அலையின் முனை மழுங்கியிருந்தால், உச்ச எண் அதைச் சொல்லாது. அலைவடிவில் தட்டையான மேடு பளிச்சென்று தெரியும். எதிரொலியும் அப்படித்தான். வெடியிலிருந்து 15 மீட்டரில், மைக் இருக்கும் பக்கமாக ஒரு சுவர் இருந்தால், திரும்பி வரும் ஒலி 22 மீட்டர் கூடுதலாக நடந்து சுமார் 65 மில்லிநொடி பிந்தி வரும். நொடிக்கு 48,000 மாதிரி எடுத்தால் நடுவே 3,000 எண்களுக்கு மேல் இடைவெளி இருக்கும், குழப்பமே இல்லை. ஏ.ஐ. மீட்டர் ஏறியபின் இறங்க 1.5 நொடி காலமாறிலி எடுப்பதால் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

சிறு ஆலைகளுக்கு இது கூடுதல் சுமை என்பது அடுத்த ஆட்சேபம். அரை நொடி அலைவடிவம் 48 கிலோபைட்; கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சிறியது. உண்மையான தடை, மாதிரிகளை வெளியே விடாத மீட்டர்கள். வாங்கும்போதே அந்த வசதியைக் கேட்க வேண்டும். எதிரொலியும் மழுங்கலும் இல்லையென்று தெரிந்தபின், ஒரே கலவையில் செய்த வெடிகளின் உச்சங்கள் சிதறிக் கிடந்தால் போர்மேன் சுற்றைப் பார்க்கலாம். எல்லாம் சேர்ந்து ஏறியிருந்தால் மருந்தைப் பார்க்கலாம். இப்போது எண் கூடினால் பெரும்பாலும் விசாரணை சணல் சுற்றியவரிடமிருந்தே தொடங்கும்.