டோக்கியோ மடல்: கேசட்டும் சாவி அட்டையும்

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது. விலை 14,800 யென். சேகா நிறுவனமும் அதே நாளில் எஸ்ஜி-1000 என்ற தன் முதல் வீட்டுக் கேம் கருவியை இறக்கியது; அதைச் சேகரிப்பாளர்களைத் தவிர இன்று யாரும் நினைப்பதில்லை. கியோட்டோவில் 1889-இல் ஹனஃபுதா சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கடையான நின்டெண்டோ, மசயுகி உஏமுரா என்ற பொறியாளரின் தலைமையில் உருவான சிவப்பும் வெள்ளையுமான இந்தப் பெட்டியால் உலகப் பெயர் வாங்கியது. வெளிநாடுகளில் என்.இ.எஸ். என்ற பெயரில் போனவற்றையும் சேர்த்து மொத்தம் 6.19 கோடி கருவிகள் விற்றன. தயாரிப்பு நின்றது 2003-இல்தான்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் 1990களில் வந்த ‘டிவி கேம்’ பெட்டிகளில் பல இதன் தைவான், சீன நகல்கள். அவற்றில் செருகிய கேசட்டின் 60 பின் அமைப்பு ஜப்பானிய மூலத்துடையது. அமெரிக்கக் கேசட்டுக்கு 72 பின். ‘9999 இன் 1’ என்று லேபிள் ஒட்டிய கேசட்டுக்குள் ஒரு சில கேம்களே பெயர் மாறி, கட்டம் மாறித் திரும்பத் திரும்ப வந்தன என்பதைச் சொன்னால் அந்தத் தலைமுறை சிரிக்கும்.

ஃபேமிகாமின் மையச் சில்லு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் துடிப்புகளில் ஓடியது. வேலை நினைவகம் 2 கிலோபைட். திரையில் ஒரே நேரத்தில் 64 நகரும் உருவத்துண்டுகள்தான் நிற்க முடியும். அதிலும் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வந்தால் மிச்சம் தெரியாது. பகைவர் கூட்டம் வரும்போது உருவங்கள் மினுக்கியது இதனால்தான். சில உருவங்கள் மட்டும் முழுக்க மறைந்துபோகாமலிருக்க, மென்பொருள் எழுதியவர்கள் அவற்றை முறைவைத்துக் காட்டினார்கள். 1985 செப்டம்பர் 13 அன்று வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. கைபேசியில் எடுக்கும் ஒரு படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தக் கேமில் வானத்து மேகமும் தரைப் புதரும் ஒரே ஓவியம். நிறம் மட்டும் வேறு.

இடநெருக்கடி அதைவிடக் கடுமையாகத் தெரிந்த இடம் ‘டிராகன் குவெஸ்ட்’. 1986 மே மாதம் வந்த முதல் பாகம் 64 கிலோபைட். ஜப்பானியக் கதகானா எழுத்துகள் முழுவதையும் அதில் வைக்க முடியாமல் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த எழுத்துகளில் எழுதக்கூடிய பெயர்களையே அரக்கர்களுக்கு வைத்தார்கள். ஆட்டத்தை நடுவில் நிறுத்திச் சேமிக்க வழியில்லை. அதற்குப் பதில் 20 எழுத்து மந்திரம் ஒன்றைக் கேம் சொல்லும், ஆடுபவர் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது. ஓரெழுத்து பிசகினாலும் பல நாள் உழைப்பு வீண். 1988 பிப்ரவரி 10-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் கேசட்டுக்குள் சிறு பேட்டரி வைத்துச் சேமிக்கும் வசதி வந்தது. அப்போதும் இடம் போதவில்லை. தொடக்கத் திரையின் அலங்காரத்தை வெட்டிக் கறுப்புப் பின்னணியில் பெயரை மட்டும் போட்டு வெளியிட்டார்கள்.

அந்தப் பேட்டரிகள் இப்போது ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பேட்டரி போனால் போவது சேமித்த ஆட்டம் மட்டும். கேம் தனியான ரோம் சில்லில், தொழிற்சாலையிலேயே பதித்த நிலையில் இருக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாது. புதுப் பேட்டரியைச் சால்டர் செய்து வைத்தால் கேசட் மறுபடியும் முழுமையாகிவிடும். பழைய கேம்களின் ஆயுளுக்குக் காரணம் இந்த ஏற்பாடு. வரப்போகும் கேம்கள் பலவற்றிடம் இல்லாததும் இதுதான்.

கருவியின் கதை வேறு. உதிரி பாகம் தட்டுப்பாட்டால் நின்டெண்டோ ஃபேமிகாமைப் பழுது பார்ப்பதை 2007-இல் நிறுத்தியது. அதன் பிறகு எல்லாம் தனியார் கைவேலை. முதல் மாடலில் இரண்டு கண்ட்ரோலர்களும் கழற்ற முடியாதபடி பெட்டியோடு இணைந்தவை. ஒயர் அறுந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். படம் ஆன்டெனா வழியாகத் தொலைக்காட்சியின் 1 அல்லது 2-ஆம் சேனலுக்குப் போகும். ஜப்பானில் அனலாக் ஒளிபரப்பு 2011 ஜூலை 24 அன்று பெரும்பகுதியில் நின்றுபோய், அனலாக் டியூனரே இல்லாத தொலைக்காட்சிகள் வந்த பிறகு, நல்ல நிலையில் உள்ள ஃபேமிகாமும் ஊமையானது. 1993-இல் வந்த ஏவி ஃபேமிகாமுக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ட்ரோலரும் கழன்று வரும். ஆடுவதற்கென்று வாங்குகிறவருக்கு அதுவே புத்திசாலித்தனமான தேர்வு. சிவப்பு-வெள்ளைப் பெட்டி அலமாரிக்கு அழகு.

தொலைக்காட்சி மாறியதன் விளைவு படம் வராததோடு முடியவில்லை. அக்காலத்து ஓவியர்கள் பிக்சல்களைப் பிக்சலாகப் பார்க்க வரையவில்லை. குமிழ்த் திரையில் அவை கசிந்து கலப்பதைக் கணக்கில் வைத்து வரைந்தார்கள். சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கு வந்த ‘சோனிக்’ கேமில் அருவி, ஒன்றுவிட்டு ஒன்று நிறுத்திய செங்குத்துக் கோடுகள். பழைய இணைப்பில் கோடுகள் கலந்து தண்ணீர் ஊடே தெரியும். புதுத் திரையில் கம்பிவேலி தெரியும். துப்பாக்கிக் கேம்களோ எல்சிடி திரையில் வேலையே செய்யாது. எலக்ட்ரான் கற்றை திரையை வரையும் நேரக்கணக்கை நம்பிச் செய்தவை அவை. ஆகவே பழைய கருவி தேடுகிறவர்கள் கூடவே கனமான பழைய டிவிப் பெட்டியும் தேடுகிறார்கள். டோக்கியோ வீடுகளின் அளவில் அதை எங்கே வைப்பது என்பது தனிச் சிக்கல்.

மற்ற நோய்களும் உண்டு. சேகாவின் கேம் கியர் கையடக்கக் கருவியில் கெப்பாசிட்டர்கள் கசிந்து ஒலியும் படமும் மங்கும். ஃபேமிகாமின் துணைக்கருவியான டிஸ்க் சிஸ்டத்தில் ரப்பர் பெல்ட் கூழாகும். சாம்பல்நிற பிளாஸ்டிக் பழுக்கும். கேசட்டின் வாயில் ஊதினால் வேலை செய்யும் என்பது உலகம் முழுக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்த வைத்தியம். உண்மையில் பலன் தந்தது வெளியே எடுத்து மறுபடி செருகியது. எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த அடாப்டரை 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் கருகும்.

இத்தனை பழைய பொருள் புழங்குவதற்கு ஒரு வழக்கும் காரணம். செகண்ட் ஹேண்ட் கேம் விற்பனை தங்கள் பதிப்புரிமையை மீறுகிறது என்று கேம் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2002 ஏப்ரல் 25 அன்று கடைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருமுறை முறையாக விற்ற பிரதியின் மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்றானது. அக்கிஹபாராவில் ‘சூப்பர் பொட்டேட்டோ’ போன்ற கடைகள் மாடி மாடியாகப் பழைய கேசட்டை அடுக்கி வைத்திருப்பது இந்தத் தீர்ப்பின் நிழலில். ‘ஹார்ட் ஆஃப்’ கடைகளின் ‘ஜங்க்’ கூடைகளில், ஓடுமா ஓடாதா என்ற உத்தரவாதம் இல்லாமல், திருப்பித் தரவும் முடியாத நிபந்தனையில், கருவிகள் மலிவாகக் கிடக்கும். சால்டரிங் தெரிந்தவருக்கு அங்கே வேட்டை. விலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் மட்டும் 68 லட்சம் பிரதிகள் விற்ற ‘சூப்பர் மாரியோ’வின் வெறும் கேசட் சல்லிசாகக் கிடைக்கும்; அன்று ஆளில்லாமல் தேங்கிய கேம்களே இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. விலை தரத்தின் அளவுகோல் அல்ல.

இந்த ஏக்கத்தைத் தாங்களே விற்கலாம் என்று நிறுவனங்கள் புரிந்துகொள்ளச் சற்று நாளானது. 2016 நவம்பரில் 30 கேம்களை உள்ளடக்கிய ஃபேமிகாம் மினி 5,980 யென்னுக்கு வந்தது. அடுத்த ஆண்டு வந்த சூப்பர் ஃபேமிகாம் மினியில் ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ இருந்தது. 1990களின் நடுவில் ஏறக்குறைய முடிந்த நிலையில் கைவிட்ட கேம் அது. இருபது ஆண்டு கழித்து, பழைய கருவியின் பொம்மை வடிவத்துக்குள் புது வெளியீடாக வந்தது. இப்போது பழைய கேம்கள் சந்தா வழியில் கிடைக்கின்றன. சந்தாவும் இணையக் கடையும் மூடக்கூடியவை: நின்டெண்டோவின் வீ கருவியின் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது, 3டிஎஸ், வீ யு கடைகளில் 2023 மார்ச்சில் விற்பனை நின்றது. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையான விற்பனையில் கிடைப்பதில்லை.

அண்மையில் வந்த, வரவிருக்கும் கேம்களின் பட்டியலைப் பார்த்தால் அதிலும் பாதி பழசு. ‘டிராகன் குவெஸ்ட்’ மூன்றாம் பாகத்தின் ரீமேக் 2024 நவம்பரில் வந்தது, முதலிரண்டு பாகங்கள் 2025 அக்டோபரில், ஏழாம் பாகத்துக்கு 2026 பிப்ரவரி 5 என்று தேதி குறித்தார்கள். உண்மையிலேயே புதிதான பன்னிரண்டாம் பாகத்தை 2021 மே 27 அன்று அறிவித்தார்கள். தொடரின் இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா அதே ஆண்டிலும், ஓவியர் அகிரா தொரியாமா 2024 மார்ச்சிலும் காலமானார்கள். 1997-இல் மூன்று சிடிகளில் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’, ரீமேக்கில் மூன்று தனிக் கேம்களாக விரிந்து, 2020-லும் 2024-லும் இரண்டு பாகம் முடித்து மூன்றாவதற்குக் காத்திருக்கிறது. மேற்கில், 2013-இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’-இன் அடுத்த பாகம் முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, அதற்கும் பிறகு 2026 நவம்பர் 19.

இதைக் கற்பனை வறட்சி என்று தள்ளிவிடுவது எளிது, முழுக்கச் சரியல்ல. பெரிய கேம் ஒன்றுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உழைப்பும் அதற்கேற்ற பணமும் போகும்போது, தெரிந்த பெயர்தான் முதலீட்டுக்குக் காப்பு. தவிர, ரீமேக்கிலும் நல்லது உண்டு. பிக்சல் உருவங்களை முப்பரிமாண வெளிச்சத்தில் நிறுத்தும் ‘எச்டி-2டி’ பாணி, 2018-இன் ‘ஆக்டோபாத் டிராவலர்’ கேமில் தொடங்கியது. ‘டிராகன் குவெஸ்ட் 3’ அதில் நன்றாகப் பொருந்துகிறது. பழைய திரையில் இருந்ததை அது வரையவில்லை. அன்று பார்த்த சிறுவர்கள் இருந்ததாக நம்பியதை வரைகிறது.

சிக்கல் உறையில். நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவி 2025 ஜூன் 5 அன்று வந்தது. ஜப்பானில் முன்பதிவுக் குலுக்கலுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வெளியானபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள கருவி 49,980 யென். பன்மொழிக் கருவி 69,980 யென். விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் புலம்பெயர்ந்தவர், மெனு எல்லாம் ஜப்பானியத்தில் இருக்கும், ஜப்பான் கணக்கு மட்டுமே அதில் இணையும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஸ்விட்ச் 2-க்கு விற்கும் சில கேம்கள் ‘கேம் கீ கார்டு’ என்ற சாவி அட்டையில் வருகின்றன. அட்டைக்குள் கேம் இல்லை. செருகினால் இணையத்திலிருந்து டவுன்லோடு ஆகும். பிறகு ஆடும்போதெல்லாம் அட்டை உள்ளே இருக்க வேண்டும். அட்டையை இரவல் தரலாம், கடையில் விற்கலாம். சர்வர் ஓடும்வரை. 2012-இல் 3டிஎஸ் கருவிக்கு வந்த ‘பிரேவ்லி டிஃபால்ட்’ அன்று முழுதாகக் கேசட்டில் இருந்தது. மெருகேற்றிய 2025 பதிப்பு சாவி அட்டை. செகண்ட் ஹேண்ட் கடைக்காரருக்கு எது மிஞ்சும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜப்பானில் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1986-இல் வந்த டிஸ்க் சிஸ்டத்துக்குக் கடைகளில் எழுதும் இயந்திரம் வைத்திருந்தார்கள். 500 யென் கொடுத்தால் கையிலுள்ள டிஸ்கில் புதுக் கேம் ஏறும், பழையது அழியும். பிள்ளைகளின் பாக்கெட் மணிக்கு ஏற்ற ஏற்பாடுதான். எந்தக் கேம் எத்தனை டிஸ்குகளில் மிஞ்சியது என்பது அழித்தவர் கையில் இருந்தது. 1995 ஏப்ரலில் தொடங்கிய சாட்டெலாவியூ இன்னும் துணிச்சலானது. சூப்பர் ஃபேமிகாமின் அடியில் பொருத்தும் அந்தக் கருவி, செயின்ட் கீகா வானொலியின் செயற்கைக்கோள் ஒலிபரப்பிலிருந்து கேமை இறக்கும். அந்த ஆகஸ்டில் ‘செல்டா’ நான்கு வாரத் தொடராக வந்தது. குறித்த நேரத்தில் கருவி முன் உட்கார வேண்டும். நடிகர்களின் குரலும் இசையும் கேமின் கடிகாரத்தோடு சேர்ந்து வானிலிருந்து நேராக வரும். நேரம் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. 2000 ஜூனில் சேவை நின்றது. நினைவக அட்டைகளில் தங்கியிருந்த கேம் தரவை ரசிகர்கள் பல ஆண்டுகளாகத் தேடி மீட்டார்கள். குரல் எந்த அட்டையிலும் பதியவில்லை. அன்று யாராவது வீடியோ டேப்பில் பிடித்திருந்தால்தான் உண்டு.

ஜப்பானியத் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் உறையிட்ட மின்னணு வெளியீடுகளையும் சட்டப்படி பெற்றுப் பாதுகாக்கிறது; கேம்களும் அதில் அடக்கம். சாவி அட்டையில் உள்ளடக்கமே இல்லாததால் அது சேகரிப்பு வரம்புக்குள் வராது என்று 2025-இல் நூலகம் தெரிவித்தது. நின்டெண்டோ தானே செய்த ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ முழு அட்டையில் வருகிறது. வெளி நிறுவனத்தின் ‘சைபர்பங்க் 2077’ போன்ற பெரிய கேமும் 64 கிகாபைட் அட்டையில் முழுதாக வந்திருக்கிறது. ஆகவே தொழில்நுட்பம் தடையல்ல, அட்டையின் அடக்கவிலைதான் கணக்கு. சாவி அட்டைப் பெட்டியின் முகப்பில் கீழ்ப்பகுதியில் சாவிப் படத்தோடு ஒரு வெள்ளைப் பட்டை அச்சாகியிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அது.