எந்த வருசத்துக்குத் திருப்புறது?

அப்பப்பாவின் காரைக் கொட்டிலுக்குள் இருந்து வெளியில தள்ள எங்களுக்கு ஒரு காலமை முழுக்கப் பிடிச்சுது. நாலு ரயரும் காத்துப்போய் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. பின் சீற்றில் கோழி முட்டையிட்ட அடையாளம். பேரப்பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் தள்ள, அப்பம்மா விறாந்தையில் இருந்து, "மெல்ல, மெல்ல. அது வயசாளி" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா.

கார் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1952 தொடக்கம் 1954 வரை மட்டும் இங்கிலாந்தில் செய்த வகை. 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு. இண்டைக்கு றோட்டில் ஓடுற சின்னக் கார்களே இதைவிடப் பலம் கூடியவை. அப்பப்பா இதை அறுபதுகளில் இரண்டாம் கையாக வாங்கிச் சுன்னாகத்தில் ஹயர் ஓடினவர். அவர் போனபிறகு ஒருத்தரும் தொடவில்லை.

தள்ளி முடிச்ச அண்டைக்கே சண்டையும் தொடங்கிவிட்டது.

எங்களில் மூத்தவன் அண்ணா. வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிறான். கலியாண வீடுகளுக்குப் பழைய கார் ஹயர் விட்டால் நல்ல காசு வரும், யப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை இறக்கிப் போடுவம் என்றான். கனடாவில் இருக்கிற சித்தப்பாவோ, "கம்பனியால வந்த மாதிரி அச்சொட்டாச் செய்யுங்கோ. காசு நான் அனுப்புறன்" என்றார். இரண்டு பேரும் அப்பப்பாவின் பேரைச் சொல்லித்தான் கதைச்சவை.

அண்ணா சொன்னதில் நியாயம் இருக்கு. யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் கனக்க இண்டைக்கும் ஓடுதெண்டால், பொனற்றுக்குக் கீழே வேற எஞ்சின் இருக்கிறதாலதான். திறப்பைத் திருப்பினால் ஸ்ராட். உதிரிப்பாகம் ரவுணிலேயே கிடைக்கும். மாப்பிள்ளையை ஏத்திக்கொண்டு போகேக்க நடுறோட்டில் நிண்டால், அடுத்த முறை ஆர் கூப்பிடுவினம்?

ஆனால் எஞ்சினை மாத்துறது எஞ்சினோடு முடிகிற வேலையில்லை. புது எஞ்சினோடு அதன் கியர்பொக்ஸும் வரும். சோமசெற்றுக்குக் கியர்த்தடி ஸ்ரியறிங் பக்கத்தில். புதுக் கியர்பொக்ஸுக்கு அது சரிவராது, தளத்தை வெட்டித் தடியை நடுவில் கொண்டுவர வேணும். பின்சில்லுக்குப் போற ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேணும். எஞ்சின் தாங்கிகளைப் புதிசா வெல்ட் பண்ண வேணும். டீசல் எஞ்சின் பாரம், முன் ஸ்பிறிங் இறங்கும். எல்லாத்தையும்விட முக்கியம் பிறேக். 42 குதிரைவலுவுக்கென்று செய்த டிறம் பிறேக்கை அதைவிடக் கூடின வேகத்துக்கு நம்ப ஏலாது. ஒன்றை மாத்தப்போய், கடைசியில் அப்பப்பாவின்ர காரில மிஞ்சிறது தகரம் மட்டும்தான்.

அந்தக் கிழமை முழுக்க இரவில் போனில் இதையேதான் தேடினோம். உலகத்தில் இந்தச் சண்டை எங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் "ஹொட் றொட்" என்று ஒரு கார்ப் பண்பாடு இருக்கு. 1932இல் ஃபோர்ட் கொம்பனி சாதாரண ஆக்கள் வாங்கக்கூடிய விலைக்கு வி8 எஞ்சின் போட்ட கார் ஒன்றை விட்டது. கலிபோர்னியாப் பொடியள் அதைப் பழசாக வாங்கி, மட்காட்டைக் கழற்றி, பாரத்தைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி, காய்ந்துபோன ஏரிப்படுக்கைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிஞ்சு வீடு திரும்பின இளம் படையினரால் அது இன்னும் பரவியது. 1955இல் செவர்லேயின் சின்ன வி8 வந்ததும், கனபேர் ஃபோர்ட் எஞ்சினைத் தூக்கிவிட்டு அதைப் போட்டார்கள். 1997இல் கோர்வெற் காரோடு வந்த எல்எஸ் குடும்பத்து எஞ்சின்கள் இண்டைக்கு அந்த இடத்தைப் பிடிச்சிருக்கு. கணினி கட்டுப்படுத்துற எஞ்சின், 1932இன் உடம்புக்குள்.

அங்கேயும் ஒரு பக்கம் "அந்தக் காலத்து எஞ்சின்தான் வேணும்" என்கிறது. மற்றப் பக்கம் "அந்தக் காலத்துப் பொடியளே கையில கிடைச்ச நல்ல எஞ்சினைத்தான் போட்டவங்கள், நாங்கள் ஏன் போடக்கூடாது?" என்கிறது. எங்களைப் பிடிச்சது வேற ஒரு விசயம். கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார்க் காட்சி, பழைய விலையுயர்ந்த கார்களைக் குறையில்லாமல் புதுப்பிச்சுக் கொண்டுவந்து நிறுத்துகிற இடம். அதிலேயே 1997இல் ஹொட் றொட்டுக்கெண்டு ஒரு பிரிவு திறந்தார்கள். அந்தப் பிரிவுக்கு வருகிற காரை, ஃபோர்ட் தொழிற்சாலையால் வந்த நிலைக்குத் திருப்பினால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆரோ ஒரு பொடியன் நாற்பதுகளில் வெட்டி ஒட்டின நிலைக்குத்தான் திருப்ப வேணும். அங்கே அச்சொட்டாகக் காப்பாற்றப்படுவது அந்தப் பொடியனின் கைவேலை.

இதை வாசிச்சுப்போட்டுத்தான் மெக்கானிக் ஐயாவிடம் போனோம். அவர் வந்து முதலில் கேட்டது எஞ்சினை இல்லை, கார்ப் புத்தகத்தை. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் ஒரு இடத்தில் வெட்டப்பட்டு வேற இலக்கம் எழுதியிருந்தது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நேரம், அடிபட்டுக் கிடந்த இன்னொரு ஏ40இன் எஞ்சினை அப்பப்பா வாங்கிப் போட்டிருக்கிறார். சித்தப்பா சொன்ன "கம்பனியால வந்த" எஞ்சின் எங்கட காரில் ஐம்பது வருசத்துக்கு முதலே இல்லை.

ஹெட்டைக் கழற்றினபோது இன்னும் வந்தது. காஸ்கற் கையால் வெட்டினது. காபரேற்றருக்குப் பக்கத்தில் மெல்லிய செப்புக் குழாய் ஒன்று ஈயத்தால் ஒட்டியிருந்தது, நுனியில் ஒரு சின்னத் திருகு. அண்ணா அது என்ன என்று கேட்க, ஐயா சிரிச்சார்.

"தம்பி, இது பெற்றோல் பைப். தொண்ணூறில போட்டிருப்பார்."

1990இல் திரும்பச் சண்டை தொடங்கினபிறகு பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வரவிடவில்லை. வந்த கொஞ்சம் தங்கத்தின் விலை. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. ஆனபடியால் ஒரு சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் திருகைப் பூட்டிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. புதுக் கார்களுக்கு இது சரிவராது, அவை சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை இறுக்கி அமத்துகிற எஞ்சின்கள். மண்ணெண்ணெய் அந்த அமத்தலைத் தாங்காமல் நேரத்தோடு வெடிச்சுத் தட்டும். ஏ40 அமத்துறது ஏறக்குறைய 7இற்கு 1. இண்டைய கணக்கில் அது பலவீனம். எங்கட ஆக்கள் அந்தப் பலவீனத்தில்தான் அஞ்சு வருசம் ஓடினவை. அதுக்கு எஞ்சினும் விலை குடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலோடு கலக்க, ஒயில் தண்ணியாய்ப் போய் உள்ளுக்குள் எல்லாம் தேயும். ஐயா விரலால் தடவிக் காட்டின தேய்மானம் அந்த வருசங்களின் தேய்மானம்.

பின்னேரம் அப்பம்மாவிடம் குழாயைப் பற்றிக் கேட்டோம். கனநேரம் பேசாமல் இருந்துபோட்டுச் சொன்னா.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே வெளிக்கிட்ட இரவு. அப்பப்பாவின் அம்மா நடக்கமாட்டா. அவவையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் காரில் ஏத்தினவை. நாவற்குழிப் பக்கம் சனம் றோட்டை நிறைச்சு நிற்க, கார் நடக்கிற ஆக்களைவிட மெல்லத்தான் ஊர்ந்ததாம். மழை. எஞ்சின் கொதிச்சது. ஆனால் அப்பப்பா எஞ்சினை நிற்பாட்டவே இல்லை. "நிப்பாட்டினா திரும்ப ஸ்ராட் பண்ணப் போத்தல்ல பெற்றோல் இல்லை. அதுதான் மனுசன் ஓடவிட்டபடியே தண்ணி ஊத்தினது. விடிய விடிய ஊத்தினது." சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் திறப்பைத் திருப்பினாராம். அதுக்குப்பிறகு அந்தக் கார் கனகாலம் அங்கேயே நின்றது.

அண்டு இரவு ஒருத்தரும் சண்டை பிடிக்கவில்லை. சித்தப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் குழாயைக் காட்டினோம். அந்த இரவு அவருக்குப் பதினாலு வயசு, காருக்குப் பின்னால் சைக்கிள் உருட்டிக்கொண்டு போனவர். "அந்தப் பைப் இன்னும் இருக்கோ" என்று மட்டும் கேட்டார்.

எங்களுக்கு விளங்கினது இதுதான். பழசாக்குவம் என்று சொல்லேக்க எந்த வருசத்துக்குத் திருப்புறது என்று கேட்கவேணும். 1953இற்குத் திருப்பினால் இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு கார் கிடைக்கும், அப்படி நூறு கார் உலகத்தில் இருக்கு. எங்கட கார் 1995இன் கார். கம்பனிக்கு உண்மையாய் இருக்கப்போய் அந்தக் குழாயைக் கழற்றி எறிஞ்சால், எங்களுக்கு மிஞ்சுறது வடிவான ஒரு பொய். டீசல் எஞ்சின் போட்டால் குழாய் போறது அந்த எஞ்சினோடேயே.

அதற்காக எஞ்சின் மாத்துற எல்லாரும் பிழை என்று சொல்ல மாட்டோம். அப்பப்பாவே மாத்தினவர்தானே. ஹயர் ஓடி வீடு பார்க்கிற ஒரு மனுசனுக்கு ஓடாத ஒரிஜினல் சோறு போடாது. ஆகக்குறைஞ்சது, திரும்ப எடுக்கக்கூடிய மாதிரிச் செய்தால் நல்லது என்று நினைக்கிறோம். திருகாணியால் பூட்டினதைப் பிறகு ஒருத்தர் கழற்றலாம், வெட்டின தளம் திரும்ப வராது.

முடிவில் அதே எஞ்சினைக் கட்டுறம். சிலிண்டர் துளைச்சு, புதுப் பிஸ்ரனும் பேரிங்கும் போட ஐயா ஒத்துக்கொண்டார். பிறேக்கில் றப்பரும் குழாய்களும் எல்லாம் புதிசு, அதில் ஒரு பழசுக்கும் இடமில்லை. டைனமோவைக் கழற்றிப் பத்திரமாய் வைச்சுவிட்டு ஒல்ரனேற்றர் பூட்டுறம். முன் சீற்றுக்கு பெல்ற். செப்புக் குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அண்ணாவுக்குத்தான் இதில் நட்டம். டீசல் எஞ்சின் என்றால் வாற தையில் ஹயர் தொடங்கியிருக்கலாம். இப்ப ஆவணியாகும், அதுவும் நிச்சயமில்லை, கிட்டடி ஓட்டங்கள் மட்டும்தான். அவனுக்கு அதில் இன்னும் கோபம் இருக்கு, எங்களுக்கு அது தெரியும். சித்தப்பா அனுப்புற காசில் அவனுக்கு ஒரு பங்கு சம்பளமாய்ப் போகவேணும் என்று சொல்லியிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் கராஜுக்கு முதல் போறது அவன்தான். நேற்று அந்தக் குழாயைப் பித்தளைத் தூள் போட்டு மினுக்கிக்கொண்டு நிண்டான்.